மானமும் மிஷன் பள்ளிக்கூடமும்: கொழும்பு முஸ்லிம்களின் சரித்திரத்தில் ஒரு பக்கம்

முஸ்லிம்களிடையே கிறிஸ்தவப் பிரசாரம் செய்வது பற்றி மேற்குலகில் வெளிவரும் நூல்களில், கடந்த இருபத்தைந்து வருடங்களாக ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ‘மானமும் வெட்கமும் ஆளுகின்ற சமூகங்கள்’ என்பதே அது. 2000ஆம் ஆண்டளவில் ரோலண்ட் முல்லர் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே கதவைத் திறக்கும் பேச்சு இருக்கிறது. 2014இல் ஜேசன் ஜார்ஜஸ் இதே கருத்தைச் சிறு கைந்நூலாக்கினார். அவர்கள் சொல்வதன் சாரம் இதுதான்: ஐரோப்பியனுக்குப் பாவம் என்றால் சட்டத்தை மீறியது, ஆகவே அவனுக்கு மன்னிப்பைப் பற்றிப் பேசலாம். கீழைத்தேச முஸ்லிமுக்குப் பாவம் என்றால் குடும்பத்துக்கு வந்த தலைகுனிவு, ஆகவே அவனிடம் இழந்த மானம் திரும்பக் கிடைப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த யோசனையின் வேர் மிஷனில் இல்லை, மானிடவியலில் இருக்கிறது. ஜப்பானியரைப் பற்றி ரூத் பெனடிக்ட் 1946இல் எழுதிய நூலும், மத்தியதரைக்கடல் நாடுகளின் மானத்தைப் பற்றி பெரிஸ்டியானி 1965இல் தொகுத்த கட்டுரைகளும் இதற்கு முன்னோடிகள். மத்திய கிழக்கில் நெடுங்காலம் கற்பித்த கென்னத் பெய்லி, இன்ஜீலில் வரும் ஊதாரி மகனின் கதையை இந்தக் கண்ணால் வாசித்துக் காட்டினார். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன் வெறுங்கையோடு திரும்பி வரும்போது, ஊரார் அவனை அவமதிக்க முன்னம் தகப்பனே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். கிழக்கத்திய கிராமத்தில் வயதான மனிதர் தெருவில் ஓடுவது தனக்குத் தானே தேடிக்கொள்ளும் அவமானம். மகனின் வெட்கத்தைத் தகப்பன் தன் தலையில் ஏற்கிறார் என்பது பெய்லியின் வியாக்கியானம்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இவற்றைப் படிக்கும்போது எனக்குப் புதினமாக ஒன்றும் தெரியவில்லை. எங்கட உம்மும்மாமார் இந்தத் தத்துவத்தை ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள்: “நாலு மனிசருக்கு முன்னால தல நிமிந்து நடக்க ஏலுமா மகன்?” எனக்குப் புதினமாகப் பட்டது வேறொன்று. இந்த மானத்தை மிஷனரிமார் இன்று கதவு என்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய மிஷனரிமாருக்கு அது மதிலாகத் தெரிந்தது. நம்மவர்களுக்கோ அது சில காலம் கோட்டை, சில காலம் சிறை. இந்த மூன்றும் கொழும்பின் சரித்திரத்தில் எப்படி நடந்தன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பதிவேட்டால் வந்த மார்க்கம்

போர்த்துக்கேயர் காலத்துத் துரத்தல்களை நம் வாசகர்கள் நன்கறிவார்கள். 1626இல் கரையோரத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியது நம் சரித்திரத்தில் அடிக்கடி சொல்லப்படும் சம்பவம். 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் வேறு வழியில் போனார்கள். அவர்களது ஆட்சியில் கோயில் பள்ளிக்கூடமும் பதிவேடும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஞானஸ்நானம் பெற்றவருக்கே விவாகப் பதிவு, உத்தியோகம், வாரிசுரிமை ஆகியன இலேசாகக் கிடைத்தன. இதனால் பெயரளவில் கிறிஸ்தவர்களானோர் பலர். ஒல்லாந்தர் போனபின் அவர்களில் பெருந்தொகையினர் தம் பழைய மார்க்கத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

முஸ்லிம்களோ அந்தப் பதிவேட்டுக்குள் போகவில்லை. அதற்குரிய விலையையும் கொடுத்தார்கள். கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடுவாசல் வைத்திருக்கக் கூடாது என்ற தடை ஒல்லாந்தர் காலத்தது. ஆங்கிலேயர் அதை நீக்கியது 1832இல்தான். ஊழியம் என்ற கட்டாய வேலையும் அவர்கள் மேல் இருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மேட்டில் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதன் அடிவாரத் தெருக்களில் நடந்த சோனக வியாபாரிக்கு, மேலே ஏறிப் பெயரை எழுதிக்கொடுத்தால் வாழ்க்கை இலேசாகும் என்பது தெரியாமல் இருந்திராது.

ஏன் போகவில்லை? ஈமான்தான் முதற் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஈமான் ஒரு மனிதனின் நெஞ்சில் மட்டும் இருப்பதில்லை. அவனைச் சுற்றியுள்ள குடும்பத்திலும் அது இருக்கிறது. ஒருவன் மார்க்கத்தை விட்டால் அவனோடு முடியாது. தங்கச்சிமாரின் கலியாணப் பேச்சு நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபின்படி அவனுக்கு வாரிசுப் பங்கு இல்லை. மையித்தை எடுக்க ஜமாஅத்து வராது. வாப்பா ஜும்ஆவுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் ஸலாம் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ஒரு வாலிபனின் முடிவு ஏழெட்டுப் பேரின் வாழ்க்கையைத் தொடும் சமூகத்தில், ‘தனி மனிதனின் இரட்சிப்பு’ என்ற பேச்சு எடுபடுவது இலேசான காரியமல்ல.

பள்ளிக்கூடம் என்ற பயம்

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறியது. பாப்திஸ்து மிஷன் 1812இலும், வெஸ்லியன் மிஷன் 1814இலும், சர்ச் மிஷனரி சங்கம் 1818இலும் இலங்கைக்கு வந்தன. இவர்கள் கொண்டுவந்த பெரிய ஆயுதம் வேதப் புத்தகம் என்று பலர் எழுதுகிறார்கள். என் கணிப்பில், பெரிய ஆயுதம் கரும்பலகை. கொழும்பின் வடபகுதியை மட்டும் பாருங்கள். முகத்துவாரத்தில் 1851இல் பரி. தோமாவின் கல்லூரி தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் 1865இல் புனித பெனடிக்ட் கல்லூரியும், 1869இல் நல்லாயன் கன்னியர் மடமும் வந்தன. 1874இல் வெஸ்லி கல்லூரி வந்தது. 1869இல் அரசாங்கம் கல்வித் திணைக்களத்தை அமைத்து, தனியார் பள்ளிக்கூடங்களுக்கு உதவிப்பணம் கொடுக்கத் தொடங்கியதும், அந்தப் பணத்தின் பெரும்பங்கு மிஷன்களுக்கே போயிற்று. ஆங்கிலம் தெரியாதவனுக்கு நீதிமன்றத்தில் வேலையில்லை, கச்சேரியில் வேலையில்லை. ஆங்கிலம் கற்கும் இடத்திலோ காலையில் ஜெபம் நடக்கும்.

எனவே நம்மவர்கள் பிள்ளையை ஓதப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். குர்ஆனும் அறபுத் தமிழும் கணக்கும் போதும், மிச்சத்தைக் கடையில் பழகிக்கொள்வான் என்றார்கள். இதை அறியாமை என்று இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்ற பயம் உண்மையான பயம். ஆனால் அதற்குள் இன்னொரு பயமும் ஒளிந்திருந்தது: பிள்ளை மாறாவிட்டாலும், மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான் என்ற பேச்சே குடும்பத்துக்கு இழுக்கு. ஆண் பிள்ளைக்கே இப்படியென்றால் பெண் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. “எழுதப் படிச்சா யாருக்குக் கடதாசி எழுதுவாள்?” என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் பதில் சொல்ல ஆளில்லை.

மதில் வேலை செய்தது. சோனகரிடையே மிஷன்களின் அறுவடை மிகச் சிறியதாகவே இருந்தது. மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை என்ன? சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் வழக்கறிஞராகவும் வைத்தியராகவும் எழுதுவினைஞராகவும் ஆகிக்கொண்டிருந்தபோது, முஸ்லிம்கள் அந்த வரிசையின் கடைசியில் நின்றார்கள். மனு எழுத வேண்டுமென்றால் இன்னொருவரின் வாசலில் காத்திருக்க வேண்டும். எந்த மானத்தைக் காக்க வீட்டுக்குள் இருந்தோமோ, அதே மானம் கச்சேரி விறாந்தையில் போயிற்று.

மேடை வைத்தவர்களும் பள்ளிக்கூடம் வைத்தவர்களும்

அதே காலத்தில் பௌத்தர்கள் மிஷனை மேடையில் சந்தித்தார்கள். 1873 ஓகஸ்டில் நடந்த பாணந்துறை வாதத்தில் புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரைக்காரர். அந்த வாதத்தின் சூடு அடங்க முன்னம், 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் வெடித்தது. வாதத்தில் ஒருவர் வெல்வார். தோற்றவரின் மானம் தெருவில் கிடக்கும். அதை எடுக்க அவர் தடியோடு வருவார்.

இந்திய முஸ்லிம்களுக்கும் அப்படி ஒரு மேடை இருந்தது. 1854இல் ஆக்ராவில் பாதிரி ஃபண்டரோடு மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி நடத்திய வாதம் உலகப் பிரசித்தம். அவர் பின்னர் எழுதிய ‘இஸ்ஹாருல் ஹக்’ இன்றும் வாசிக்கப்படுகிறது. ஆனால் அவரது வாழ்க்கையின் அடுத்த பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மக்காவில் குடியேறிய அவர் 1870களில் அங்கே ஸவ்லதிய்யா மத்ரஸாவை நிறுவினார். அதற்குப் பணம் கொடுத்த கல்கத்தாப் பெண்மணியின் பெயரே அந்த மத்ரஸாவின் பெயராயிற்று. மேடையில் வென்ற மனிதர் கடைசியில் பள்ளிக்கூடம் கட்டத்தான் போனார்.

இலங்கை முஸ்லிம்களின் சரித்திரத்தில் பாணந்துறை போலப் பெயர்பெற்ற மேடை இல்லை. நமக்குக் கிடைத்தவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை (1838–1898). 1882 டிசம்பரில் அவர் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அஸன்பேயுடைய கதை’ என்ற நாவலை வெளியிட்டார். இடையில் 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். ஆதரவின்றி அது தளர்ந்தது.

சித்திலெப்பை செய்த காரியத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போவது வெட்கம் என்று ஊர் சொன்னது. படிக்காமல் இருப்பது அதைவிட வெட்கம் என்று அவர் சொல்லத் துணிந்தார். ஊரின் மானத்தை அவர் கேலி செய்யவில்லை, அதைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. அதன் முகத்தை வேறு திசைக்குத் திருப்பினார். இதற்கு 1883 ஜனவரியில் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் துணை பெரிதாக இருந்தது. ஆங்கிலேயரோடு போர்புரிந்த ஒரு முஸ்லிம் தளபதியே ‘ஆங்கிலம் படியுங்கள்’ என்று சொன்னால், அதைக் கேட்பதில் யாருக்கும் இழுக்கில்லை. வாப்பிச்சி மரிக்கார் போன்ற தனவந்தர்கள் முன்வந்தார்கள். 1892 ஓகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலோடு சேர்ந்து உருவான மத்ரஸாதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. கண்டியில் சித்திலெப்பை தொடங்கிய பெண் பாடசாலையை அவரது சகோதரி முத்து நாச்சியா நடத்தினார். அக்காலத்தில் ஒரு குடும்பப் பெண் இப்படி வெளியே வந்து நின்றதன் பாரத்தை இன்று நம்மால் அளக்க முடியாது.

இன்னொன்றையும் சும்மா விட்டுவிடக் கூடாது. 1921இல், நூற்றுக்கும் குறைவான மாணவரோடு தள்ளாடிய ஸாஹிராவைக் கையேற்று, நாட்டின் முதன்மைக் கல்லூரிகளில் ஒன்றாக்கியவர் ரீ. பீ. ஜாயா. அவர் படித்தது முகத்துவாரம் பரி. தோமாவின் கல்லூரியில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முஸ்லிமாகவே வெளியே வந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிக்கொடுத்தார். பயந்தவர்களின் பயம் எல்லாப் பிள்ளைகள் விடயத்திலும் சரியாக இருக்கவில்லை என்பதற்கு அவரது வாழ்க்கையே சாட்சி. பெண்களுக்கான பெரிய கதவு 1946இல்தான் திறந்தது. வெள்ளவத்தையை அடுத்த பம்பலப்பிட்டியில், ஸேர் ராஸிக் பரீதின் முயற்சியால் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழுந்தது. முதல் அதிபராக இருந்தவர் கேரளத்திலிருந்து வந்த ஆயிஷா ரவூப். ஸாஹிராவுக்கும் இதற்கும் இடையே ஐம்பத்து நான்கு வருடங்கள். இந்த இடைவெளியில் படிக்காமல் போன தலைமுறைகள் நம் உம்மும்மாமாரும் அவர்களின் உம்மாமாரும்தான்.

பஞ்சாப் பெண்கள் சொல்லித் தந்த பாடம்

மானம் சிறையாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு 1920களின் பஞ்சாப் நல்ல உதாரணம். அங்கே கணவனின் கொடுமையில் சிக்கிய முஸ்லிம் பெண்களுக்கு விடுதலை பெற வழியில்லாமல் இருந்தது. ஹனபி மத்ஹபை நீதிமன்றங்கள் பின்பற்றிய விதத்தில், காணாமற்போன கணவனுக்காகவும் செலவுக்குக் கொடுக்காத கணவனுக்காகவும் ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். ஆனால் மனைவி மார்க்கத்தை விட்டால் திருமணம் தானாக முறிந்துவிடும் என்றும் அதே நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. எனவே சில பெண்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியதாக அறிவித்து வெளியேறினார்கள். அல்லாமா இக்பால் தம் விரிவுரையொன்றில் இதைச் சுட்டிக்காட்டினார்.

அந்தப் பெண்களைத் திட்டித் தீர்த்துவிட்டு இருந்திருக்கலாம். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அப்படிச் செய்யவில்லை. மாலிகி மத்ஹபின் சட்டங்களை ஆராய்ந்து, இத்தகைய பெண்களுக்கு மார்க்கத்துக்கு உள்ளேயே விடுதலை உண்டு என்று 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலதுன் நாஜிஸா’வை எழுதினார். 1939இல் வந்த முஸ்லிம் விவாகங்களை நீக்கும் சட்டத்துக்கு அந்த முயற்சி வழிகோலியது. அப்பெண்கள் போனது மிஷனரியின் பேச்சில் மயங்கியல்ல, நம் வீட்டில் மூச்சுவிட இடமில்லாமல்தான் என்பதை அந்த ஆலிம் கண்டுகொண்டார்.

இலங்கையில் நாம் ஷாஃபிஈக்கள். 1951ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மனைவிக்கு ஃபஸ்ஹ் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் அச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் ஸலீம் மர்சூப் குழு, 2018இல் இரு பிரிவாகப் பிரிந்துதான் அறிக்கை கொடுத்தது. காழி நீதிமன்ற வாசலில் ஒரு பெண் எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும் என்ற கேள்வி வரும்போதெல்லாம், ‘நம்மட விசயத்த வெளிய கொண்டுபோகாதீங்க’ என்ற குரலும் கூடவே வருகிறது. எனக்கு அப்போதெல்லாம் பஞ்சாப்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

புது முறைக்கு நம் பதில் என்ன?

இனி மறுபடியும் மிஷனரிமாரின் புதிய நூல்களுக்கு வருவோம். அவர்களது ஆய்வில் ஒரு பாதி சரி. குடும்பத்தின் பேர் நம்மிடையே பெரும் சக்தி என்பதை மறுக்க ஏலாது. மற்றப் பாதி தவறு. முஸ்லிமுக்கு வெளி வெட்கம் மட்டும்தான் உண்டு, உள்ளே குத்தும் மனச்சாட்சி ஐரோப்பியனின் சொத்து என்ற பிரிப்பு நம் மூலநூல்களோடு ஒத்துப்போகவில்லை. நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரழி) அறிவிக்கும் ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸில், பாவத்துக்கு நபி (ஸல்) அவர்கள் இரு அடையாளங்களைச் சேர்த்தே சொல்கிறார்கள்: அது நெஞ்சை உறுத்தும், மனிதர் அறிவதை நீ வெறுப்பாய். உள்ளும் புறமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ‘ஹயா’ ஈமானின் ஒரு கிளை என்றால், அது முதலில் அல்லாஹ்வுக்கு முன்னால் வருகிற வெட்கம். பக்கத்து வீட்டுக்காரன் அதற்குப் பிறகுதான்.

நாம்தான் பல இடங்களில் இந்த வரிசையை மாற்றிவிட்டோம். அல்லாஹ் என்ன சொல்வான் என்ற கேள்விக்கு முன்னால் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி வந்து நிற்கிறது. வாலிபனோ வாலிபப் பெண்ணோ மார்க்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டால், பதிலுக்கு முன்னால் வாயைப் பொத்தும் கை வருகிறது. வாயைப் பொத்திய பிள்ளையின் கேள்வி செத்துப்போவதில்லை. அது கேட்க ஆள் தேடும். புதிய மிஷனரிமாரின் நூல்களில் வரும் தகப்பன் அந்தப் பிள்ளையை நோக்கி ஓடி வருகிறார். நம் வீட்டு வாப்பா வாசலைச் சாத்தினால், பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும்? மார்க்கத்தை யார்மீதும் திணிக்க ஏலாது என்று சூரத்துல் பகராவின் 256ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. தவ்பாவின் வாசல் உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை திறந்திருக்கும் என்று ஓதுகிற நாம், வீட்டு வாசலை அதற்கு முன்னமே பூட்டுவது எந்த நியாயத்தில்?

கடைசியாக, சொல்லவே நாக்கு கூசும் ஒரு விசயம். 2019 ஏப்ரல் 21, மறுபடியும் ஓர் உயிர்த்த ஞாயிறு, மறுபடியும் கொட்டாஞ்சேனைப் பக்கம். கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலும் மற்ற இடங்களும் குண்டுக்கு இரையாகி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். எல்லா மதத்தாரும் போய்வருகிற கோயில் அது. செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அவர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க இடமில்லை என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அந்தக் கிழமைகளில் வெள்ளவத்தைக் கடைகளில் தலைகுனிந்து நடந்த நம்மவர்களுக்கு, ஒருவரின் செயலால் எல்லாரும் வெட்கப்படுவது என்றால் என்னவென்று புத்தகம் படிக்காமலே விளங்கியது. ஒரு குற்றமும் செய்யாத பெண்கள் பஸ்ஸில் ஏறப் பயந்தார்கள். கூட்டு வெட்கம் எவ்வளவு அநியாயமாக இறங்கும் என்பதை நாமே அனுபவித்தோம். அப்படியிருக்க, ஒரு மகனின் முடிவுக்காக அவனுடைய தங்கச்சியின் கலியாணத்தை நாம் நிறுத்தலாமா?

சித்திலெப்பையின் காலத்தில் நம் முன்னோர் பயத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இன்று நமக்குத் தேவை, பிள்ளை கேள்வி கேட்கலாம் என்ற ஓரிடம்: மத்ரஸாவில், ஸாஹிராவில், மஸ்ஜிதின் மாலை வகுப்பில், முதலில் வீட்டில். அதற்கு ஆலிம்களும் ஆசிரியர்களும் என்ன செய்யலாம் என்று இப்பக்கங்களில் எழுத வேண்டும். கூடவே, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த, அல்லது படிக்க ஆசைப்பட்டுத் தடுக்கப்பட்ட உம்மும்மாமார் இன்னும் ஓரிருவர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களின் வாய்மொழியை வாசகர்கள் எழுதி எடுத்து அனுப்பினால், இந்தச் சரித்திரத்தின் மறுபாதியையும் நாம் பதிந்துவைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.